மூக்குக்குக் கீழே ஒரு நிழல்

"செத்துப்போனவள போட்டோ எடுக்க முடியுமா பாய்?"

கேட்டது ரோசம்மாள். கும்மிடிப்பூண்டி பஜாரில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஷாஹுலின் ஸ்டுடியோ. மூச்சு வாங்க மாடியேறி வந்தவள் காலில் இருந்ததைக்கூடக் கழற்றவில்லை. அவளுடைய சின்ன மகள் ஹெலன், ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னாம்மா சொல்ற? மொதல்ல உக்காரு."

"உக்கார வரல. எம் பெரிய பொண்ணு அமலிய ஒனக்குத் தெரியும்."

"தெரியாம இன்னா? கேள்விப்பட்டதுலேர்ந்து மனசே சரியில்லம்மா."

"ஞாயித்துக்கெழம அவளுக்கு நெனைவுப் பூசை. மாலை போட ஒரு படம் இல்ல."

முந்தானை முடிச்சிலிருந்து அமலியின் வாக்காளர் அட்டையை எடுத்து நீட்டினாள். ஷாஹுல் அதை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுல யாரு கீறாங்க?"

"எம் பொண்ணுதான்."

"நீ சொல்ற, கவர்மெண்டும் சொல்லுது. மூஞ்சிதான் சொல்ல மாட்டேங்குது. கரி அப்புனாப்ல கீதேம்மா. இத கம்ப்யூட்டர்ல போட்டு பெருசு பண்ணா செங்கல் செங்கலாத்தான் வரும்."

"அதுக்குத்தான் இட்டாந்தேன்." ரோசம்மாள் பின்னால் திரும்பாமலே கையை மட்டும் பின்னால் காட்டினாள். "அக்கா பொடவய இது கட்டிக்கினு உக்காரும். நீ அத அமலியா எடு."

ஷாஹுல் ஹெலனைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

நடந்தது பஜார் முழுக்கத் தெரிந்த கதைதான். ஹெலன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். தொடர்ந்து போகாவிட்டால் காண்ட்ராக்டர் பெயரை அடித்துவிடுவான். "கேட்டுல எவன்டி மூஞ்ச பாக்கறான்? அட்டயத்தான் பாக்கறான்" என்று சொல்லி, ஹெலனின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அமலி கம்பெனி வேனில் ஏறினாள். வேன் லாரியின் பின்னால் மோதியது. கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தவர்கள், செத்தது ஹெலன் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ரோசம்மாள் விடிவதற்கு முன்பே கல்யாண மண்டபம் பெருக்கப் போயிருந்தாள். அட்டை மாறியது அவளுக்குத் தெரியாது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு தெருவோடு ஓடிவந்தாள். அழுகைச் சத்தம் கேட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றது ஹெலன்.

"நீயா?" என்றாள் தாய்.

மகளிடம் அவள் நேராகப் பேசிய கடைசிச் சொல் அது. அதன் பிறகு எல்லாம் சுவரோடுதான். "குண்டான்ல சோறு கீது, துன்றவங்க துன்னலாம்." "தண்ணி லாரி வந்துடுச்சு, கொடம் எடுக்கறவங்க எடுக்கலாம்." ஹெலன் என்ற பெயர் அவள் வாயில் வரவே இல்லை. முகத்தைப் பார்ப்பதும் இல்லை.

ஹெலன் திரைக்குப் பின்னால் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஷாஹுல் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"ஒனக்கு இஷ்டமா தங்கச்சி? உயிரோட கீறவ படத்துக்கு மாலை போடறது..."

"இஷ்டம் இல்லன்னா அம்மா எங்கூட பேசுமா பாய்?"

"இஷ்டம்னு சொன்னா பேசுமா?"

"அக்கா படம் ஒண்ணு செவுத்துல ஏறிட்டா அதுக்கு மனசு ஆறும். அப்புறம் என் பக்கம் திரும்பும். ஒரு தபா என் பேர சொல்லிக் கூப்பிட்டா போதும் பாய்."

ஷாஹுல் இரண்டு பக்கமும் வெளிச்சக் குடைகளை விரித்து, ஃபிளாஷைப் பொருத்தி, ஒரு படம் எடுத்தான். போன வருஷம் வாங்கிய டிஜிட்டல் கேமரா. எடுத்தது உடனே பின்பக்கத் திரையில் வந்து நிற்கும். ரோசம்மாளிடம் காட்டினான்.

"இதுல கீறது இதுதான்" என்றாள் அவள், ஹெலன் இருந்த திசையில் மோவாயை அசைத்து.

தலையை வேறு மாதிரி வாரச் சொல்லி இன்னொன்று எடுத்தான்.

"இதுவும் அதான்."

முகத்தைத் திருப்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, சிரிக்காமல் இருக்கச் சொல்லி எடுத்துக்கொண்டே போனான். ஒவ்வொன்றையும் கண் சுருக்கிப் பார்த்து, "அதான், அதான்" என்று தள்ளினாள் தாய். முன்பெல்லாம் ரோல் போட்டு எடுத்தபோது, கழுவி வரும்வரைக்குமாவது நம்பிக்கை இருக்கும். இந்தக் கேமரா அந்தக் கருணையையும் காட்டவில்லை.

"ஒம் பெரிய பொண்ணுக்கு ஒடுங்கின மூஞ்சி, கன்னத்துல எலும்பு தெரியும்" என்றான் ஷாஹுல். "இதுக்கு உருண்ட மூஞ்சி. குடை வெளிச்சம் போட்டா தோச ஊத்தினாப்ல இன்னும் பரவிடுது. நான் இன்னாம்மா பண்றது?"

"அவ எப்பவும் பழைய காலண்டர் ஒண்ணு வெச்சுக்கினு பாத்துக்கினே இருப்பா. கறுப்பு வெள்ளயில ஒரு பொம்பள. ‘யம்மா, என்னயும் இப்டி எடுத்தா ஈரோயினிதான்’னுவா."

ஷாஹுலின் கை நின்றது.

"என்னாண்டயும் வந்து கேட்டாம்மா. ‘அந்தக் காலத்து சினிமாக்காரி மாதிரி எடுப்பியா பாய்?’னு. அதுக்கு அந்தக் காலத்து லைட்டு வேணுமேன்னேன். ‘லைட்டுல இன்னா அந்தக் காலம், இந்தக் காலம்? சூரியனயா மாத்திட்டாங்க?’ன்னா. வாயாடி. அவ வரட்டும்னு என் ஊட்டுக்காரி பரீதாவ உக்கார வெச்சு அந்த லைட்ட தேடிக்கினு இருந்தேன். ‘மூஞ்சி வேவுதுங்க, விடுங்க’ன்னு பரீதா எந்திரிச்சுப் போயிடுச்சு. ஆனா லைட்டு கெடச்சுடுச்சு."

"அப்ப அத போடு."

அவன் குடைகளை மடக்கினான். கல்யாண வீடியோவுக்குப் பிடிக்கிற ஹாலோஜன் விளக்கை எடுத்து, அதன் வாயில் அடி வெட்டிய பால் பவுடர் டப்பா ஒன்றைச் செருகிக் கம்பியால் கட்டினான். கொட்டுகிற வெளிச்சம் குழாய்த் தண்ணீர் போல ஒரே இடத்தில் விழவேண்டும். ஸ்டாண்டைக் கூரை முட்ட ஏற்றி, ஹெலனுக்கு நேர் எதிரே, முகத்துக்கு மேலிருந்து இறங்குகிற மாதிரி சாய்த்தான். அவள் மடியில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை வைத்தான். படத்தின் ஓரம் மங்கட்டும் என்று, லென்ஸுக்கு முன் மாட்டும் கண்ணாடியின் ஓரத்தில் விரலால் வாசலின் தடவினான். கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றினான். பிறகு டியூப்லைட்டை அணைத்தான்.

"மூக்குக்குக் கீழ ஒரு சின்ன நெழல் உழும். அது ஒதட்ட தொடக்கூடாது. அது சரியா நின்னா கன்னம் தானா உள்ள போவும். மோவாய தூக்கு தங்கச்சி. இன்னும். ரொம்ப போய்ட்ட, எறக்கு."

"அவ இப்டி பயந்துக்கினு பாக்க மாட்டா" என்றாள் ரோசம்மாள் இருட்டிலிருந்து. "திமிரா பாப்பா. கடன் கேட்டு வந்தவன பாக்கறாப்ல."

ஹெலன் கண்களைப் பாதி தாழ்த்தி, உதட்டை ஒரு பக்கம் அழுத்தினாள். அக்கா அப்படித்தான் பார்ப்பாள். அவளைக் கேலி செய்ய ஹெலன் எத்தனையோ முறை செய்து காட்டிய முகம்.

"ஸ்டாண்ட ஒரு விரக்கட எறக்கறேன். அசையாத."

நிழல் மெல்ல நகர்ந்து மூக்குக்குக் கீழே வந்து நின்றது. கன்னங்கள் ஒடுங்கின. எலும்பு எழுந்தது. கண்களுக்கு மேலே இமையின் நிழல் விழுந்தது. ஷாஹுல் கேமராவை எடுக்கவே மறந்து, வாய்க்குள் "யா அல்லா" என்றான்.

"வந்துட்டியாடி!"

ரோசம்மாள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குள் வந்தாள். இரண்டு கைகளாலும் மகளின் முகத்தை ஏந்தினாள்.

"கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சேடி. துன்னியா?"

ஹெலன் அசையவில்லை. அசைந்தால் நிழல் நகரும். நிழல் நகர்ந்தால் அம்மாவின் கை போய்விடும். முகம் கொதித்தது. கண் எரிந்தது. இமைக்காமல் சொன்னாள்:

"துன்னேம்மா."

"எங்கடி போன என்ன உட்டுட்டு?"

"இங்கதாம்மா கீறேன்."

ஷாஹுல் கேமராவை எடுத்தான். "யம்மா, கொஞ்சம் தள்ளிக்கோ. டப்பா காயுது, பத்திக்கும்." அவளை மெல்ல விலக்கி, நான்கைந்து படங்கள் எடுத்தான். டப்பாவில் ஒட்டியிருந்த காகிதம் கருகி நாற்றம் எழுந்தது. விளக்கை அணைத்தான். ரோசம்மாள் இருட்டிலேயே மறுபடி அந்த மோவாயைத் தேடிப் பிடித்தாள்.

டியூப்லைட் இரண்டு முறை கண் சிமிட்டி எரிந்தது.

அவள் பார்த்தாள். கையை எடுத்தாள். எடுத்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பெருசா போட்டுக் குடு பாய்" என்றாள்.

பூசையன்று வீட்டுச் சுவரில் படம் ஏறியது. சுற்றிலும் சீரியல் பல்பு, கீழே மெழுகுவத்தி. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: "அப்டியே அமலிதான்." "உயிரோட வந்து நின்னாப்ல கீது." டீ கொடுத்துக்கொண்டிருந்த ஹெலனை யாரும் அந்தப் படத்தோடு சேர்த்துப் பார்க்கவில்லை, ரோசம்மாளின் தம்பி பாக்கியராஜைத் தவிர.

"யக்கா, கல்லு கரையற பொய் இது. உயிரோட கீற பொண்ணுக்கு மாலை போடுவியா? நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா?"

"அது அமலி."

"காத பாருக்கா. ரெண்டு ஓட்டை கீது. அமலி எப்ப ரெண்டாவது ஓட்டை குத்தினா?"

"துக்க ஊட்டுக்கு வந்தவன் கம்மல் ஓட்டயா எண்ணிக்கினு கீற? டீய குட்ச்சுட்டு கெளம்பு."

அவன் ஹெலனிடம் திரும்பினான். "நீயாச்சும் சொல்லேன்டி."

"இன்னான்னு சொல்றது மாமா?"

"நான் உயிரோட கீறேன்னு சொல்லு."

"அதாலதான் மாமா இவ்ளோ பேஜாரு" என்றாள் ஹெலன். அவன் டீயை வைத்துவிட்டுக் கிளம்பினான்.

எல்லாரும் போன பிறகு ஹெலன் காத்திருந்தாள். அம்மா படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். இப்போது கூப்பிடுவாள், இப்போது திரும்புவாள் என்று வாசல் பக்கமே நின்றாள்.

"டீ டம்ளர்லாம் அப்டியே கீது. கழுவறவங்க கழுவலாம்" என்றாள் ரோசம்மாள் சுவரிடம்.

அவள் திரும்பவில்லை. படம் இருந்தும் திரும்பவில்லை. போகப்போக, படத்தைப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டாள். "பேசினா பதில் சொல்ல மாட்டேங்குது" என்று ஒருநாள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது ஹெலனின் காதில் விழுந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் ஹெலன் வேலை விட்டு வந்தபோது, வீட்டுக்குள் அம்மா முக்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். தொங்கிக்கொண்டிருந்த குண்டு பல்பைச் சுற்றி, மண்டபத்துச் சமையலறையிலிருந்து கொண்டுவந்த ஒரு டப்பாவை, இரண்டு பக்கமும் வெட்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். இறங்கினாள். முக்காலியைத் தள்ளிப் போட்டாள். சற்றுத் தள்ளி நின்று கண் சுருக்கிப் பார்த்தாள், ஷாஹுல் பார்த்தது போலவே. மறுபடி தள்ளிப் போட்டாள்.

"வா, அமலி. வந்து உக்காரு."

ஹெலன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பெனி அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"மோவாய தூக்கு. இன்னும். அவ்ளோதான்."

ரோசம்மாள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். மகளின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மண்டபத்தில் நடந்த சண்டையைச் சொன்னாள். முட்டிவலியைச் சொன்னாள். "ம்" என்றாள் ஹெலன். "அப்டியாம்மா" என்றாள். பல்பின் சூடு நெற்றியில் இறங்கியது. கழுத்து விறைத்தது. மடியிலிருந்த காலை அம்மாவின் கை வருடிக்கொண்டே இருந்தது.

"ஹெலன் எங்கடி?"

அந்தப் பெயர் வந்துவிட்டது. ஹெலனின் உதடு நடுங்கியது. நிழல் கலைந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"வெளிய போயிருக்காம்மா. வந்துடுவா."

"அது மூஞ்ச என்னால பாக்க முடியலடி."

"ஏம்மா? அவளாலதான நான் போனேன்னா?"

"சீ. அது கொழந்தடி, காய்ச்சல்ல கெடந்துது, அது இன்னா பண்ணும்?" ரோசம்மாளின் கை நின்றது. "ஹெலனு செத்துட்டான்னுதான் எங்கிட்ட சொன்னாங்க. நான் தெருவோட ஓடியாந்தேன். ஓடியாரப்ப மாதாகிட்ட இன்னா சொன்னேன் தெரியுமா? பெரியவள உட்டுவெச்சியே தாயே, அது போதும்னு சொன்னேன். வாயத் தொறந்தே சொன்னேன்டி. வந்து பாத்தா அது வாசல்ல நிக்குது. நான் வேணாம்னு உட்ட பொண்ணு போர்வய சுத்திக்கினு நிக்குது. அது மூஞ்ச எப்டிப் பாப்பேன்?"

வெளியே ஏதோ கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஹெலன் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டாள்.

"அதுகிட்ட சொல்லிடாதடி" என்றாள் அம்மா.

ஹெலன் மோவாயை இறக்கவில்லை.

"சொல்ல மாட்டேம்மா."