டிஃப்யூசர் மீது விழுந்த பழி

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணி. பந்தயக் காரை ஓட்டுகிற கொழுந்தன் அப்படிக் கூப்பிடப்போய், அதுவே ஒட்டிக்கொண்டது. காருக்கு அடியில் காற்று எப்படிப் போகவேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை.

மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு டிஃப்யூசர் செய்திருந்தாள். காரின் பின்பக்கம், அடியிலிருந்து மேல்நோக்கிச் சரிந்து ஏறுகிற கார்பன் தகடு. அடியில் விரைந்து வரும் காற்று அந்தச் சரிவில் விரிந்து வெளியேறினால் காரின் கீழே அழுத்தம் குறையும். கார் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பும்.

ஆனால் முதல் வளைவிலேயே பின்சக்கரங்கள் சறுக்கி, கார் வாலை ஆட்டியது.

கொழுந்தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "தப்பா நெனைக்காதீங்க அண்ணி. பழைய தகட்டையே மாட்டிருங்க. இது கம்ப்யூட்டர்ல ஓட்டத்தான் லாயக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. சரிவைக் குறைத்துப் பார்த்தாள். ஓரங்களை மாற்றிப் பார்த்தாள். கார் அசைந்துகொடுக்கவில்லை, வால் மட்டும் ஆடியது. தலைமை மெக்கானிக்கான அவள் கணவன் வாயே திறக்கவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து அளவெடுத்தவள், அப்படியே கிடந்தாள்.

"பின்பக்கத்தை யாரு தூக்கி வெச்சது?"

"நான்தான்," என்றான் கணவன். "தகடு தரையில ஒரசுதுன்னு தம்பி சொன்னான். ஒடஞ்சா நீதான கத்துவ."

"தூக்குனா சரிவு செங்குத்தாயிடும். காத்து தகட்டோட ஒட்டி வராம பிச்சுக்கும். அப்புறம் எது காரைக் கீழ இழுக்கும்? எத்தன தடவ சொல்லியிருக்கேன்? காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ரெண்டு விரல் ஒசரந்தானேன்னு விட்டேன்."

அவள் மறுபடியும் அளவெடுக்கத் தொடங்கினாள். இன்னும் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயமாக இருந்தது.

மறுநாள் அவன் பின்பக்கத்தைப் பழைய உயரத்துக்கு இறக்கினான். கையோடு புது டயரும் போட்டுவிட்டான். கார் வளைவுகளில் பசை போட்டதுபோல் திரும்பியது.

"புது டயர்னா புது டயர்தான் அண்ணி," என்று கொழுந்தன் பூரித்துப்போனான்.

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான்.

"பழைய டயரையே மாட்டுங்க," என்றாள். "இப்பவே."

அவன் மறுபேச்சில்லாமல் ஜாக்கியை எடுத்தான். பழைய டயரிலும் கார் வாலை ஆட்டாமல் சுற்றி வந்தது. கொழுந்தன் இறங்கி டயரைத் தட்டிப் பார்த்தான்.

"பரவாயில்லையே, இதுலயும் இன்னும் உசுரு இருக்கு."

அவள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே போனாள்.