வேர் மேலே தொங்கிய மண்

ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த மண் உருளைகளில் மூன்றாவதின் வயதுதான் தியாகராசனைக் கவிழ்த்தது. ஏரிச்சேறு ஆழம் போகப்போகப் பழசாக வேண்டும். மற்ற உருளைகள் அப்படியே சொல்லின. மூன்றாவதில் மட்டும் மேல்முனைக்கு மூவாயிரத்து இருநூறு ஆண்டு, கீழ்முனைக்கு இரண்டாயிரத்து அறுநூறு. வறட்சியைக் காட்டும் முட்புதரின் மகரந்தமும் ஈரத்தைக் காட்டும் நீர்ச்செடியின் மகரந்தமும் இடம் மாறும் கட்டம் அந்த உருளைக்குள்தான் இருந்தது. அவன் ஆய்வே அதுதான்.

"கலங்கின ஏரிய்யா. விட்டுட்டு வேற தலைப்பு பாரு" என்றார் பேராசிரியர்.

இரண்டு வருட உழைப்பு. அவன் நீடாமங்கலத்தில் ரயிலிறங்கி அம்சத்தைத் தேடிப் போனான். ஏரியில் மண் எடுத்த அன்று கூலிக்கு வந்து, உருளைகளைப் பெட்டியில் அடுக்கியவள் அவள்தான். கூலித் தகராறு உச்சத்தில் இருந்த நேரம் அது. பாதி வேலையில் மிராசுதாரின் காரியஸ்தர் கரையில் வந்து நின்று, "யாரக் கேட்டு ஏரிய அளக்குற? கொடி புடிக்கிறவனுக்குப் பட்டா போடவா?" என்று கத்தினார். அடுக்குவதை அவளிடம் விட்டு, அனுமதிக் கடிதத்தைக் காட்ட இவன் கரையேறிவிட்டான்.

அம்சம் நடவு வயலில் நின்றிருந்தாள்.

"அன்னிக்கு மண்ணை எப்படிக்கா அடுக்குனீங்க?"

"நீங்க குடுத்த மாதிரியேதான் தம்பி. ஒண்ணுல மட்டும் கோரை வேரு மேல தொங்குச்சு. நாத்து முடிய யாராவது வேரு மேல வச்சு அடுக்குவாங்களா? திருப்பி வச்சேன்."

"ஏரியையே நட்டுட்டாடி!" என்று பக்கத்து வரிசையில் சிரிப்பு வெடித்தது.

அம்சத்தின் முகம் சுருங்கியது. "தப்பா தம்பி?"

"இல்லக்கா. எது மேல், எது கீழ்னு அடையாளம் போடாதது நான்தான்" என்றான். சேறு என்றும் பாராமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டான்.

வசதியாக இருக்கிறது என்பதற்காக உருளையைத் திருப்பிவிட முடியாது, சாட்சி வேண்டும். ஆய்வகம் திரும்பியதும் இரண்டாம் உருளையின் அடிமுனையில் மூன்றாவதைத் தலைமாற்றிப் பொருத்தினான். இரண்டாவதில் வெட்டுப்பட்டிருந்த மெல்லிய கிளிஞ்சல் படலம் மூன்றாவதில் சரிவுகூட மாறாமல் தொடர்ந்தது. வயதுகளும் வரிசைக்கு வந்தன: முதலில் முட்புதர், பிறகு ஈரம்.

பேராசிரியர் அந்தப் பொருத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

"வேற தலைப்பு ஏதாச்சும் யோசிச்சியா?"

"இல்லீங்க."

"நல்லதாப் போச்சு" என்று கண்ணாடியை மூடி வைத்தார். "உக்காந்து எழுது."