லாரி என்றால் ஓடு

முதல் அடி விழுந்தபோது புஷ்பவள்ளியின் கையில் சோற்றுக் கரண்டி இருந்தது. அது பறந்து போய் ஃபிரிட்ஜில் மோதியது. இரண்டாவது அடிக்கு அவளே விழுந்தாள்.

"பூதமா நானு? சொல்லுடி, பூதமா?"

ஹரீஷ் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம். கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் டிவி அலறியது. அந்தச் சத்தங்களுக்குள் இந்தச் சத்தம் அடங்கிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

காலையில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் நடந்ததுதான் காரணம். அவனுடைய கூட்டாளி பிச்சைமுத்து, ஹரீஷின் ஐந்து வயது மகள் காமினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பாப்பா, கத சொல்லுவியாமே, ஒன்னு எடுத்து விடு" என்றான். காமினி சொன்னாள். ஓர் எலி அம்மா, ஓர் எலிக்குட்டி, ஒரு பூதம். கோபம் வந்தால் பூதம் தட்டைச் சுவரில் வீசும். எலி அம்மா சில்லுகளைப் பொறுக்கும்.

"பூதம் எப்படி இருக்கும் பாப்பா?"

"மீசை இருக்கும். லாரி ஓட்டும்."

மேசையே சிரித்தது. "டேய் ஹரீஷு, வசமா மாட்டிக்கிட்ட லா!" ஹரீஷும் சிரித்தான். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்வரை சிரித்துக்கொண்டே வந்தான்.

"ஊர் முன்னாடி என்னைய அசிங்கப்படுத்த பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்குறியா? இதான் நீ சொல்ற கதையா?"

"நான் பூதம்னுதாங்க சொன்னேன். மீசையும் லாரியும் அவளா சேத்துக்கிட்டது."

அது உண்மை. நாலு வயது வரை காமினிக்குப் பேச்சே சரியாக வரவில்லை. பாலர் பள்ளி ஆசிரியை நோர்மாதான் ஒரு நாள் புஷ்பவள்ளியை நிறுத்திச் சொன்னாள்: "அக்கா, தெனமும் ஒரு கத சொல்லுங்க. நீங்களே கட்டிச் சொல்லுங்க. பாதியில நிறுத்திட்டு, அப்புறம் என்னா ஆச்சுன்னு அவளையே கேளுங்க. என்ன சொன்னாலும் சரின்னு எடுத்துக்குங்க."

பாயான் பாரு தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த காலோடு புஷ்பவள்ளி கதை கட்டினாள். முதல் மாதம் பிள்ளை வாயையே பார்த்தது. இரண்டாம் மாதம் "எலி" என்றது. அதற்குப் பிறகு ஒரு நாள், "எலி அம்மா ஏன் அழுவுது?" என்று கேட்டது. புஷ்பவள்ளி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்தவர் ஏன் அழுகிறார் என்று யோசிக்கத் தெரிந்த பிள்ளை எப்படியும் பேசிவிடும்.

பேசிவிட்டது. அதற்குத்தான் இந்த அடி.

அவன் இடுப்புப் பட்டையை உருவினான். பித்தளைக் கொக்கி அவள் புருவத்தைக் கிழித்தது. அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தப் போனாள். அவன் முந்திக்கொண்டு கதவை அவள் கை மேலேயே ஓங்கி அடித்தான். மணிக்கட்டுக்கு மேலே ஏதோ முறிந்த ஓசை இருவருக்கும் கேட்டது. அவன் நிற்கவில்லை. மேசைக்கு அடியில் ஒண்டியிருந்த பிள்ளையைப் பார்த்துக் குனிந்தான்.

"வெளிய வா நீ. அந்த நாக்க இன்னைக்கு அறுத்துடுறேன்."

புஷ்பவள்ளி தவழ்ந்து போய் அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்தான். பிடி விடவில்லை. மறுபடி உதைத்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"லாரி! அம்மா, லாரி!" என்று காமினி வீறிட்டாள்.

பாலர் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் பிள்ளைகள் மலாயில் கத்துகிற சொல் அது. லாரி என்றால் ஓடு. ஆனால் மகள் வீட்டில் தமிழில்தான் பேசுவாள் என்பதால் ஹரீஷின் காதில் அது வேறாக விழுந்தது. தன் லாரியை யாரோ இடித்துவிட்டார்கள் என்று ஜன்னலுக்குப் பாய்ந்தான்.

புஷ்பவள்ளி முறியாத கையால் பிள்ளையை வாரிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். இரண்டாவது மாடியில் அவன் பிடித்துவிட்டான். முதுகில் ஓர் உதை. பிள்ளையை மார்போடு அணைத்தபடியே எட்டுப் படிகள் உருண்டாள். கீழ் வீட்டு ரமணி அக்கா வெளியே வந்து போட்ட கூச்சலில்தான் அவன் பின்வாங்கினான்.

ரமணி அக்காவே தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ரூபினி இளம்பெண், தமிழில் பேசினாள்.

"எப்படி ஆச்சு அக்கா?"

வழுக்கி விழுந்தேன் என்று புஷ்பவள்ளி இதே ஆஸ்பத்திரியில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது.

டாக்டர் பிள்ளையின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு பாப்பா."

"நான் லாரின்னு கத்துனேன். அம்மா என்னைத் தூக்கிக்கிட்டு வந்துச்சு."

"லாரியா? லாரி மோதிடுச்சா?"

கேட்காமலே புஷ்பவள்ளியின் கைக்கு ஒரு பொய் வந்திருந்தது. தலையை ஆட்டினால் போதும், வீட்டுக்குத் திரும்பிவிடலாம். திரும்பினால் பிள்ளை மறுபடி வாயை மூடிக்கொள்ளும்.

அதற்குள் திரை விலகியது. ஹரீஷ் தலை வாரி, சட்டை மாற்றி வந்திருந்தான். கடைசி வார்த்தை அவன் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"ஆமா டாக்டர். பின்னால எடுக்கும்போது இவ நின்னத நான் பாக்கல. லாரிதான் இடிச்சிருச்சு."

"அந்த லாரி இல்ல," என்றாள் காமினி. "லாரின்னா ஓடு. அப்பா கதவுல வச்சு அம்மா கைய அடிச்சாரு. அப்புறம் வாயில ஒதைச்சாரு. அப்புறம்தான் நான் கத்துனேன். அப்புறம் படியில ஒதைச்சாரு."

ஹரீஷ் சிரித்தான். "கேட்டீங்களா? எந்நேரமும் கததான். எலிங்கும், பூதங்கும். எல்லாம் இவ பழக்கிவிட்டது."

டாக்டர் மண்டியிட்டு பிள்ளையின் முகத்துக்கு நேராக வந்தாள். "இது கதையா பாப்பா?"

காமினி யோசித்தாள்.

"இல்ல. கதைன்னா எலி அம்மா ஜெயிக்கும். வீட்டுல அம்மா ஒரு வாட்டிகூட ஜெயிக்கல."

ஹரீஷ் பிள்ளையை நோக்கிக் கையை ஓங்கினான். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. புஷ்பவள்ளி கட்டிலிலிருந்து சரிந்து நடுவில் விழுந்தாள். அந்த அடி முறிந்த கையின் மேல் இறங்கியது. ஆறு வருட மணவாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அலறினாள். அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கிற அலறல். மருந்துத் தட்டு கவிழ்ந்தது. ஆஸ்பத்திரிக் காவலாளிகள் இருவர் ஓடிவந்து அவனைச் சுவரோடு அமுக்கினார்கள். இழுத்துப் போகும்போதும் அவன் அவள் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே போனான்.

டாக்டர் அவளைத் தூக்கிப் படுக்கவைத்தாள். காமினி கட்டிலில் ஏறி, நல்ல கைப்பக்கமாக ஒட்டிக்கொண்டாள்.

"எழுதிக்குங்க டாக்டர்," என்றாள் புஷ்பவள்ளி. உதடு வீங்கிப் பேச்சு குழறியது. "விழல. லாரியும் இடிக்கல. எம் புருஷன் அடிச்சான். போலீசுலயும் சொல்றேன். மொதல் நாளுலேருந்து சொல்றேன்."