இரத்த வகை: காலியாக விடக் கூடாது

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. அவிநாசியில் ஒரு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜைக்காரர் போனில் சொன்ன ஒரு வாக்கியம் காதில் விழுந்தது: "அந்த கார்டுல இருந்த பிளட் குரூப் பூராம் சும்மா போட்டதாமுங்க." அவர் பஃப்ஸை முடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். நான் மாட்டிக்கொண்டேன். யார் போட்டது, எதற்குப் போட்டது, அதனால் யாருக்கு என்ன ஆனது, எதுவும் தெரியாது. மிச்சமெல்லாம் நான் நிரப்பியது. முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் பிராது வைக்கக் கூடாது.

முதல் வரியை இப்படித்தான் தொடங்கினேன்: "பஞ்சு மேகங்கள் நொய்யலின் மேல் மெல்ல மெல்ல

அடச்சே! பனியன் ஊர்க் கதை என்றால் பஞ்சில்தான் தொடங்க வேண்டுமா? விட்டுவிட்டேன். விட்டது அங்கேயே கிடக்கட்டும்.

2

ரைசா. அனுப்பர்பாளையத்துக்காரி. வயது இருபத்தாறு (வயது நான் போட்டது). ஏற்றுமதிப் பனியன் கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. ஆள் சேர்ப்பது, வருகைப் பதிவு, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை எல்லாம் அவள் பொறுப்பு.

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களின் ஆட்கள் ஆடிட்டுக்கு வருவதற்கு முந்தின நாள் மேனேஜர் லிங்கசாமி அவள் மேஜைக்கு வந்தார். ஊழியர்களின் எக்செல் ஷீட்டில் 'இரத்த வகை' என்ற பத்தி முழுக்கக் காலி. பரிசோதனை முகாம் வைப்பதாகப் பேச்சு இருந்தது. ஷிப்மென்ட் அவசரத்தில் அது தள்ளிக்கொண்டே போனது.

"கண்ணு, காலியா இருந்தா குறை எழுதிப்போடுவாங்க. இப்போதைக்கு ஏதாச்சும் போட்டு உடு. கேம்ப் வெச்சு அப்பறமா மாத்திக்கலாம்."

"தெரியாம எப்படிங்க சார் போடறது?"

"அட, யாரு அதைப் பார்க்கப் போறாங்க?"

(லிங்கசாமியை முதலில் மோதிரம் மின்னும் வில்லனாக எழுதினேன். ஒட்டவில்லை. தொழிலாளி வீட்டு இழவுக்கு முதல் ஆளாக மாலையோடு வந்து நிற்கிற மனுஷன் அவர். கெட்டவராக இருந்திருந்தால் ரைசாவுக்கு மறுப்பது சுலபம். எனக்கும் எழுதுவது சுலபம்.)

ரைசா எட்டு இரத்த வகைகளையும் எட்டுக் கட்டங்களில் வரிசையாக அடித்தாள். எட்டையும் சேர்த்துத் தேர்ந்து, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். பத்தி அடிவரை தானாக நிரம்பியது. எட்டுப் பேருக்கு ஒருவர் ஓ பாசிட்டிவ், எட்டுப் பேருக்கு ஒருவர் பி நெகட்டிவ். ஊர் உலகத்தில் நூற்றில் ஓரிருவருக்கு இருக்கிற ரத்தம் அந்தக் கம்பெனியில் மட்டும் மலிந்து கிடந்தது. அட்டைகள் அச்சாகிக் கழுத்துக்கு வந்தன. முகாம் நடக்கவேயில்லை.

3

அடிக்குறிப்பாகப் போட வேண்டியதை நடுவிலேயே சொல்கிறேன். இப்போது செயலி செய்ய எஞ்சினியர் வேண்டியதில்லை. கையிலிருக்கிற எக்செல் கோப்பையோ டெக்ஸ்ட் கோப்பையோ ஒரு ஏஐ தளத்தில் ஏற்றி, என்ன வேண்டுமென்று பேசுகிற மாதிரி எழுதினால் போதும், டீ ஆறுவதற்குள் தயார். நானும் இந்தக் கதையின் குறிப்புகளை ஏற்றிப் பார்த்தேன். 'முடிவு' காலியாக உள்ளது, நிரப்பட்டுமா என்று கேட்டது. இரு என்றேன்.

ரைசா ஏற்றியது ஊழியர்கள் ஷீட்டையும் வேன் நேரங்கள் இருந்த டெக்ஸ்ட் கோப்பையும். கேட்டது, லீவு சொல்லவும் வேன் நேரம் பார்க்கவும் ஒரு சின்னச் செயலி. தளம் கேட்காததையும் நீட்டியது: "இரத்த வகைத் தகவல் உள்ளது. அவசர இரத்தத் தேடல் சேர்க்கலாமா?"

பின்னால் நின்ற லிங்கசாமி பூரித்துப்போனார். "அட, அதையும் சேரு கண்ணு!"

"சார், அது நாம அன்னைக்கு சும்மா..."

அவர் அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டிருந்தார். ரைசா 'சரி'யை அழுத்தினாள். செயலியின் முகப்பில் ஒரு சிவப்புத் துளி வந்து உட்கார்ந்தது.

4

முனீஸ் கட்டிங் பிரிவு. அவன் மனைவி ஜோதிகா செக்கிங். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். மங்கலம் ரோட்டில் முனீஸின் பைக்கை லாரி அடித்தது. ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு பி நெகட்டிவ் கேட்டார்கள். ஜோதிகா தானே செயலியைத் திறந்து சிவப்புத் துளியைத் தொட்டாள். பெயர்கள் கொட்டின.

"யாத்தீ, இம்புட்டுப் பேரு இருக்காக!"

கோயம்புத்தூரில் விசாரிக்கட்டுமா என்று நர்ஸ் கேட்டாள். "வேணாம்க்கா, எங்க கம்பெனியிலயே இருக்காக" என்று ஜோதிகா சொல்லிவிட்டாள்.

கம்பெனியிலிருந்து வேன் நிறைய ஆள் ஏறியது. ரைசாவும் ஏறினாள். அயர்ன் மாஸ்டர் அழகுமலை அவளிடம் அட்டையைத் தூக்கிக் காட்டினார். "நமக்கு அபூர்வ ரத்தம் தாயி. கார்டுலயே போட்டிருக்கு." யாரும் அவருக்கு அதுவரை ரத்தம் பார்த்ததில்லை. அட்டை வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார். ரைசா வெளியே பார்த்தபடி, யா அல்லாஹ், இத்தனை பேரில் ஒருத்தருக்காவது இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே போனாள். வண்டியை நிறுத்தச் சொல்லி உண்மையைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

இரத்த வங்கிப் பெண் ஒவ்வொரு விரலாகக் குத்திப் பார்த்தாள். ஓ பாசிட்டிவ். பி பாசிட்டிவ். மறுபடி ஓ பாசிட்டிவ். கடைசி ஆள்வரை அப்படித்தான். "யாருங்க இதைப் பார்த்துச் சொன்னது?" என்றாள்.

எல்லோரும் ரைசாவைப் பார்த்தார்கள். குற்றம் சொல்லி அல்ல, அவள் பதில் சொல்லுவாள் என்றுதான். "உங்க மருந்துதான் சரியில்ல" என்று அழகுமலை சண்டைக்குப் போனார்.

(இங்கே அழகுமலைக்கு மட்டும் நிஜமாகவே பி நெகட்டிவ் என்று எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் வந்தது. பொய்யாகப் போட்ட அட்டை உயிரைக் காப்பாற்றுகிற கதை! வெட்கம் பிடுங்கித் தின்றது. அடித்துவிட்டேன்.)

அதற்குப் பிறகு சொல்லி, கோயம்புத்தூரிலிருந்து ரத்தம் வந்து சேர்ந்தபோது முனீஸ் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று ரைசா டாக்டரைக் கேட்டாள். "அதெல்லாம் சொல்ல முடியாதும்மா" என்றார்.

5

காரியம் முடிந்து ஜோதிகா ஆபீசுக்கு வந்தாள். கையில் முனீஸின் அட்டை.

"அக்கா, இவுகளுக்கு ஓ பாசிட்டிவ்னு கார்டுல இருக்கு. அந்த ரத்தம் வேன்லயே இருந்துச்சே! அந்த ரத்தம் பார்த்த பொம்பளதான் மாத்திச் சொல்லிக் கொன்னுபுட்டான்னு எங்க அண்ணன் சொல்லுது. கேசு கொடுக்கப் போறோம். ஆப்புல இவுக பேரு வரும்ல, அதை ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுங்கக்கா. சாட்சிக்கு."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து லிங்கசாமி பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு அ: ரைசா பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறாள். அவள் வேலை நிலைக்கிறது. ஒரு பாவமும் அறியாத இரத்த வங்கிப் பெண் கோர்ட்டுக்கு அலைகிறாள்.

முடிவு ஆ: உண்மையைச் சொல்லிவிடுகிறாள். கேட்டதும் ஜோதிகாவுக்கு முதலில் நினைவு வருவது, வெளியே விசாரிக்க வேண்டாம் என்று தன் வாயால் சொன்னது. அதற்குப் பிறகு அவள்

முடியவில்லை. என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இ: "நெட் இல்ல, நாளைக்கு வா" என்கிறாள். சீ, இதுவும் லிங்கசாமியின் முகாம் மாதிரிதான்.

தளம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது, நிரப்பட்டுமா என்று. பேக்கரியில் கேட்ட ஒற்றை வரியின் மூலையைப் பிடித்து நானும் இவ்வளவு தூரம் இழுத்துவிட்டேன். இந்த ஒரு கட்டத்தைத் தொடமாட்டேன். நீங்களும் தெரியாமல் எதையும் போட்டுவிடாதீர்கள்.

ரைசாவின் கை மவுஸ் மேல் இருக்கிறது. அசையவில்லை. ஜோதிகா அவளையும் பிரிண்டரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

"பேப்பர் இல்லையாக்கா? நான் வேணா போய் வாங்கிட்டு வரவா?"

ரைசா சொன்ன பதில்:

[                                        ]