அக்கா வீடு என்று தொடங்கிய வரி

நாக்கைப் போல ஒரு துரோகி கிடையாது. எலாடியோவுக்கு அது அறுபத்தைந்து வயதில்தான் உறைத்தது, அதுவும் மைக்குக்கு முன்னால்.

சாந்தியாகோவில் துறைமுகத்திலிருந்து மேலேறும் தெருவில் அந்த ஒலிப்பதிவுக்கூடம் இருந்தது. சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. யாரும் சீந்தாமல் விட்ட, சோன் என்ற அந்நாட்டுப் பழைய ஆட்டப்பாட்டுகளைத் தேடிப்பிடித்து ஆல்பம் போட ஹாலந்திலிருந்து யோஸ்ட் என்பவர் வந்திருந்தார். தெருத்தெருவாக வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த எலாடியோவைக் கூப்பிட்டுப் பாட வைத்தவரும் அவர்தான். பொங்கோ என்ற இரட்டை மேளத்தை வாசித்தது பிரிமித்திவோ, எலாடியோவுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர்ச் சிநேகிதர்.

பிரிமித்திவோவின் மனைவி செனைடா வேறொருத்தனோடு படகேறிக் கடல் தாண்டி மயாமிக்குப் போய்விட்டிருந்தாள். "கமாகுவேயில அவ அக்கா வீட்டுல இருக்கா, உடம்பு சரியில்ல" என்றுதான் மனுஷன் சொல்லிக்கொண்டு திரிந்தார். தெரு நாய்க்குக்கூட உண்மை தெரியும். ஆனாலும் அவர் முகத்துக்கு நேராக ஒருத்தரும் மூச்சு விட்டதில்லை.

கடைசிப் பாட்டு அது. சோனில் பாட்டு முடிகிற இடத்தில் கோரஸ் ஒரே வரியைப் பிடித்துக்கொள்ளும்; நடுநடுவே பாடகன் தோன்றியதைக் கட்டி வீச வேண்டும். பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவதுதான் அதில் ருசியே. "கதவைச் சாத்தாதே கண்ணே" என்று கோரஸ் பெண்கள் பிடித்தார்கள். எலாடியோ பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் பாஸ்காரரின் தொப்பையைப் பாடினார், யோஸ்டின் சிவந்த மூக்கைப் பாடினார். குரல் இருபது வயதுக்காரன் குரல் மாதிரி எழும்பி நின்றது. அடுத்தது பொங்கோ. பிரிமித்திவோவைப் பார்த்து, கோரஸுக்குப் பதில் வரியாக, "அக்கா வீடுன்னு சொன்னாளே" என்று எடுத்துவிட்டார்.

எடுத்த பிறகு நிறுத்த முடியுமா? தாளம் தள்ளுகிறது, எதுகை வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அக்கரை போயி நின்னாளே! பொங்கோக்காரன் கட்டிலிலே பூனை படுத்துத் தூங்குதே!"

கோரஸ் பெண்களில் ஒருத்தி குபீரென்று சிரித்துவிட்டாள். பாஸ்காரரும் சிரித்தார். பிரிமித்திவோ தலை நிமிரவில்லை, ஒரு அடிகூடத் தவறவில்லை. அட பாவி, என்ன காரியம் செய்தாய் என்று எலாடியோ தன்னையே வைதுகொண்டு மிச்சத்தை எப்படியோ பாடி முடித்தார்.

யோஸ்ட் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். அவருடைய அரைகுறை ஸ்பானிஷில் சிலேடைக்கு ஏது இடம்?

"அற்புதம்! அந்தச் சிரிப்பு! ஆல்பத்தின் முதல் பாட்டு இதுதான்! என்ன பாடினீர்கள்?"

"பூனையைப் பத்தி சார்," என்றார் பாஸ்காரர் அவசரமாக.

பிரிமித்திவோ கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். எலாடியோ யோஸ்டின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், இன்னொரு தரம் எடுத்துடலாம். தொண்டை கரகரன்னு இருந்துச்சு."

"இதைவிட நன்றாக நீங்கள் பாடியதே இல்லையே!"

காரணத்தைச் சொன்னால் அழித்துவிடுவார். ஆனால் சொல்வதென்றால் சிநேகிதனின் மானத்தை ஒரு அந்நியருக்கு முன்னால் இன்னொரு தரம் விரித்துப் போட வேண்டும். சொல்லாவிட்டால் உலகம் முழுக்க ஒலிக்கும், மயாமி உட்பட. வெட்கம் பிடுங்கித் தின்றது. எலாடியோ அவரை ஓரமாக இழுத்துப்போய், தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

யோஸ்டின் முகம் வாடிவிட்டது. "அவர் வேண்டாம் என்றால் அழித்துவிடுகிறேன். அவரைக் கேளுங்கள்."

வாசற்படியில் பிரிமித்திவோ சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"டேய், அந்த ஆள்கிட்ட பேசிட்டேன். ஒரு வார்த்தை சொல்லு, அழிச்சிடுவாரு," என்றார் எலாடியோ.

"அவருக்கும் சொல்லிட்டியா?"

எலாடியோ தலையாட்டினார்.

"இருக்கட்டும்டா. பாட்டு நல்லா வந்திருக்கு. அந்தப் பொண்ணு சிரிச்சத அழிக்க முடியுமா?"

"என்னை நாலு அறை அறைஞ்சிடுடா. எதுகை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு, சத்தியமா."

"தெரியும். நானும் அந்தத் தொழில்ல இருக்கறவன்தானே." பிரிமித்திவோ சிகரெட்டை நசுக்கினார். "ஊருக்கே தெரியும்னு எனக்கும் தெரியும்டா. ஆனா நீ வாராவாரம் வந்து 'செனைடாவுக்கு உடம்பு தேவலையா, அக்கா நல்லா பாத்துக்கறாளா'ன்னு விசாரிப்பே பாரு... நீ ஒருத்தன் மட்டும் நிஜமாவே நம்புறேன்னு நெனச்சேன். உன்கிட்டப் பேசுற அந்தக் கொஞ்ச நேரம், அவ அங்கதான் இருக்கான்னு எனக்கே தோணும்."

அந்த விசாரிப்பை முடித்துக்கொண்டு, தெருமுனை திரும்பியதும் மற்றவர்களோடு சேர்ந்து எலாடியோவும் சிரித்தவர்தான். பூமி பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் என்று நின்றார்.

யோஸ்ட் காமிராவோடு வெளியே வந்து, தயங்கி, பிரிமித்திவோவைப் பார்த்தார். "வெச்சுக்குங்க சார்," என்றார் பிரிமித்திவோ. யோஸ்டுக்கு முகமெல்லாம் பல். அட்டைப் படத்துக்கு இரண்டு பேரும் படியில் நெருக்கமாக உட்கார வேண்டும், பாடகர் தோள்மேல் கை போட வேண்டும் என்றார்.

எலாடியோ கையைத் தூக்கினார். போடத் துணிவில்லாமல் அது அந்தரத்திலேயே நின்றது.

"போடுடா, அவரு காத்திருக்காரு," என்றார் பிரிமித்திவோ, காமிராவைப் பார்த்து நன்றாகச் சிரித்துக்கொண்டே.