ஓட்டியவர் பெயர்

கடைசிப் பிள்ளையையும் குண்டசாலையில் இறக்கிவிட்டு நிரோஷா ஸ்கூல் வேன் கதவை இழுத்துச் சாத்தியபோது போன் அடித்தது. தம்பி சுதேஷ். பிற்பகல் மூன்று மணிக்குத் தம்பி போன் எடுக்கிறான் என்றால் அக்கா சாப்பிட்டாளா என்று விசாரிக்க அல்ல. நாலைந்து தரம் அடிக்கவிட்டுத்தான் எடுத்தாள்.

"அக்கா, லைசன எடுத்துக்கிட்டு பொலிசுக்கு வா. சின்ன விசயந்தான். வெள்ளக்காரன் ஒன்வேயில பூந்துட்டான்."

"மறுபடியுமா? என் லைசன் என்னா சந்தியில இருக்குற பைப்பா, வர்றவன் போறவன் எல்லாம் தெறக்குறதுக்கு?"

"கத்தாத அக்கா. அவனுக்கு நாளைக்கு காலையில ஃப்ளைட்டு. ஒரு கையெழுத்துதான். தண்டத்த நான் கட்டிர்றேன்."

கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் சுதேஷிடம் இரண்டு ஆட்டோக்கள் இருந்தன. வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பான். அவர்களே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டும், அதுதான் வியாபாரம். மைதானத்தில் அரைமணி நேரம் கியரும் பிரேக்கும் காட்டிக்கொடுத்துவிட்டு, முதுகில் தட்டி றோட்டுக்கு அனுப்பிவிடுவான். சொந்த நாட்டு லைசன் இங்கே செல்லாது, இங்கே ஓட்ட இங்கேயே தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு வரிசையில் நிற்கச் சோம்பல்படும் ஆட்களிடம் சுதேஷ், "நோ ப்ராப்ளம்" என்பான். பிரச்சினை வந்தால் ஒரே வழிதான். பொலிஸ் மறித்தால் வெள்ளைக்காரன் சுதேஷுக்குப் போன் எடுப்பான். சுதேஷ் பறந்துபோய், ஓட்டியது நம்ம ஆள்தான், இவர் சும்மா போட்டோ பிடிக்க முன்னால் உட்கார்ந்தவர் என்று சொல்லி நம்ம லைசன் ஒன்றை நீட்டுவான். பொலிசுக்கும் தெரியும். இங்கிலீஷில் மாரடிக்காமல் தண்டச்சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு அவர்களும் ஆளை விடுவார்கள். இதை அந்தப் பக்கத்தில் யாரும் பொய் என்று சொல்வதில்லை. உதவி என்றுதான் பெயர்.

போன வருடம் நீதிமன்றம் சுதேஷின் லைசனையே வாங்கி வைத்துக்கொண்டது. அதிலிருந்து அக்காவின் லைசன். வாவிக்கரையில் ஒரு தரம், தென்னக்கும்புரைப் பாலத்தடியில் ஒரு தரம். இரண்டு தரமும் நிரோஷா போய் நின்று, தான் ஓட்டாத ஆட்டோவுக்குத் தலையை ஆட்டி, தபால் கந்தோரில் தண்டம் கட்டி, லைசனைத் திருப்பி வாங்கி வந்தவள்தான். கூடப் பிறந்து தொலைத்துவிட்டானே. இன்றைக்கும் திட்டிக்கொண்டேதான் வேனைத் திருப்பினாள்.

பொலிஸ் நிலைய வாசல் வாங்கில் அந்த வெள்ளைக்காரன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் கூப்பி நன்றி சொன்னான். தண்டம் எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்டான். தன் நாட்டில் என்றால் இதைவிடப் பத்து மடங்கு என்றும் சொன்னான், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. சுதேஷ் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றை மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தான். அது சிங்களத்தில் இருந்தது. அவனுக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

உள்ளே மேசையில் இருந்த சார்ஜன் அவளுடைய லைசனை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். பெரிய புத்தகத்தைத் திறந்தார். தண்டச்சீட்டுப் புத்தகம் சின்னது, நீளமானது, இது அதல்ல.

"நங்கி, மனுசிய அடிச்சிப்போட்டு ஏன் ஓடினது?" என்றார் அவர், தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் விட்டு, மற்றதைத் தனக்குத் தெரிந்த தமிழில்.

"எந்த மனுசிய?"

"கார்மன்ட்ல வேல செய்ற மனுசி. பல்லேகல குறோசிங்ல. ஒன்னு அம்பதுக்கு. கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சி." பேனையால் வாசலில் நின்ற தம்பியைக் காட்டினார். "மல்லி சொன்னதுதானே. அக்கா ஓட்டினது, பயத்துல எறங்கி ஓடிட்டான்னு."

நிரோஷா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் இன்னும் அந்த அறிவித்தலைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நிமிசம் மாத்தயா" என்று சொல்லிவிட்டு அவனைச் சட்டைக் கையோடு பிடித்து முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்த இழுப்பில் ஒரு பொத்தான் தெறித்துப் போனது. அவளுக்குக் காதெல்லாம் கொதித்தது. ஓங்கி ஓர் அறை விட்டிருப்பாள், பொலிஸ் முற்றமாகப் போய்விட்டது.

"ஓடிட்டேன்னு ஏன்டா சொன்ன?"

"நீ அங்க இல்லல்ல? பொலிஸ் வந்து கேக்குறான், ஓட்டுனவ எங்கன்னு. வேற என்னத்த சொல்ல?"

"ஒன்வேன்னு ஏன்டா சொன்ன?"

"நெசத்த சொன்னா வந்திருப்பியா?"

நாக்கூசாமல் சொன்னான். பிறகு அவசர அவசரமாக விளக்கினான். அனுமதி இல்லாதவன் ஓட்டினான் என்று எழுதினால் இன்ஷூரன்ஸ்காரன் ஒரு சதமும் தரமாட்டான். ஆட்டோ போய்விடும். தன்மேல் இன்னொரு வழக்கு விழும், இந்தத் தரம் உள்ளேதான். "அந்த மனுசிக்கும் ஒன்னும் கெடைக்காதுக்கா. நீ கையெழுத்து வச்சா எல்லாருக்கும் நல்லது."

"எனக்கு?"

அந்தக் கேள்வி அவனுக்கு இதுவரைக்கும் வரவே இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் அவளை எரித்தது. பதினாலு பிள்ளைகளின் தாய்மார் விடியற்காலையில் வேன் கதவடியில் நின்று, "அக்கா, பாத்து" என்று மட்டும் சொல்லி ஏற்றிவிடுகிறார்கள். குறோசிங்கில் ஒருத்தியை அடித்துப்போட்டுவிட்டு ஓடினவளின் வேனில் எவள் தன் பிள்ளையை ஏற்றுவாள்? புருசன் போன பிறகு கடன்பட்டு எடுத்த வேன். பொம்பளை வேன் ஓட்டுவதா என்று சிரித்தவர்களின் பிள்ளைகளையும்தான் இன்று ஏற்றுகிறாள். எட்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் சேர்த்த பேர். அதைத்தான் இவன் போனில் சின்ன விசயம் என்றான்.

மதிலோரம் நின்றிருந்த ஓர் ஆள் கிட்ட வந்தார். சந்தையில் மூட்டை இறக்குபவர் என்று பார்த்ததும் தெரிந்தது. தோளில் சாக்குத் துண்டு, சட்டையெல்லாம் உருளைக்கிழங்கு மண். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"தங்கச்சி, நான் ராஜலிங்கம். அடிபட்டது என் பொஞ்சாதி, பரிமளம்." அவர் சுதேஷைப் பார்க்கவில்லை. "தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீங்க ஓட்டலன்னு எனக்குத் தெரியும். எனக்கு யாரு ஓட்டுனா என்னாங்க? அவ எந்திரிச்சி நடக்க ஆறு மாசமாவும்னு டாக்டர் சொல்றாரு. வேலைக்குப் போவாட்டி சம்பளம் இல்ல. இந்த இன்ஷூரன்ஸ் ஒன்னுதான். கையெழுத்து வச்சிருங்க தங்கச்சி. ஒங்களக் கும்பிட்டுக்கிறேன்."

மெய்யாகவே கும்பிட்டார். நிரோஷாவுக்கு அந்த ஆளின் மேலும் கோபம் வந்தது. வந்த கோபத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது. அடித்தவனுக்கு நாளைக்கு ஃப்ளைட். சார்ஜனுக்கு எழுத்து வேலை மிச்சம். தம்பிக்கு ஆட்டோ. இந்த மனிதருக்கு ஆறு மாசச் சோறு. எல்லாரும் சுற்றி வளைத்து வந்து நிற்பது அவளுடைய ஒற்றைக் கையெழுத்தில். இளிச்சவாய் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கிறதா என்ன?

அவள் விறுவிறுவென்று உள்ளே போனாள்.

சார்ஜன் புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளி, விரலால் இடத்தைக் காட்டினார். ஓட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவளுடைய பெயரை முழுசாக, அப்பாவின் பெயரோடு எழுதியிருந்தார். சிங்கள எழுத்தில் அது யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரி இருந்தது.

"நான் ஓட்டல மாத்தயா."

"நங்கி, சும்மா கரச்சல் எடுக்க வாணாம்."

"ஒன்னு அம்பதுக்கு நான் ஸ்கூல் கேட்ல நின்னேன், பதினாலு புள்ளைகளோட. அவங்க அம்மாமாருக்கு இப்ப போன் எடுக்கவா? பதினாலு பேரும் இங்க வந்து நிப்பாங்க. ஓட்டுனது அந்தா, அவன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முந்தி ரெண்டு தரம் தண்டம் கட்டுனேனே, அப்பவும் நான் ஓட்டல. அதையும் சேத்து எழுதிக்கிங்க."

சார்ஜன் பேனையை வைத்தார். அந்த இரண்டு தண்டச்சீட்டில் ஒன்றை எழுதியது அவர்தான். அது அப்போதுதான் இருவருக்கும் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"அது சொல்ல வாணாம்" என்றார் தணிந்த குரலில். "ஒங்களுக்கும் கேஸ் வரும் நங்கி."

"வரட்டும். நான் செஞ்சதுக்கு வரட்டும். செய்யாததுக்கு வேணாம்."

வாசலில் எட்டிப் பார்த்த வெள்ளைக்காரன், என்ன சொல்கிறாள் என்று சுதேஷைக் கேட்டான். சுதேஷ் மறுபடியும் அறிவித்தல் பக்கம் திரும்பிக்கொண்டான். நிரோஷா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தானே சொன்னாள். நீதான் ஓட்டினாய், நீயே வந்து சொல். அவன் முகம் சிவந்து வெளுத்தது. இந்த ஊரில் இப்படித்தான் செய்வார்கள், எல்லாரும் செய்வார்கள் என்று உங்கள் தம்பிதான் சொன்னார் என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அந்த ஆத்திரத்தில் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். உள்ளறையிலிருந்து இன்னொரு பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

சார்ஜன் அந்தப் பக்கத்தின் குறுக்கே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டார். புதுப் பக்கம் திருப்பினார். வெள்ளைக்காரனைப் பார்த்து, "பாஸ்போர்ட்" என்றார்.

வெள்ளைக்காரனை விசாரித்து முடிய ஐந்து மணி தாண்டிவிட்டது. அவள் சொன்னதையும் எழுதினார்கள். இந்தத் தரம் வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாள். லைசனைத் தரவில்லை, கூப்பிடும்போது வர வேண்டும் என்று தற்காலிகத் துண்டு ஒன்றைத் தந்தார்கள். சுதேஷை நாளைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவன் அவளைத் தாண்டிப் போகும்போது, "சந்தோசமா?" என்று மட்டும் கேட்டான். அக்கா என்று சொல்லவில்லை.

ராஜலிங்கம் பஸ் தரிப்பில் நின்றிருந்தார். வேலை விடும் நேரம், வந்த பஸ்களில் எல்லாம் ஆட்கள் மிதிபலகையில் தொங்கினார்கள். ஒன்றும் அவருக்காக நிற்கவில்லை. நிரோஷா வேனை அவர் பக்கத்தில் நிறுத்தி, கையை நீட்டி முன் கதவைத் திறந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே? ஏறுங்க அண்ணே."

அவர் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், இழுவைக் கதவைத் தானே தள்ளித் திறந்து, கடைசி வாங்கில் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்கான வாங்கு, முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. அவள் முன் கதவைச் சாத்திக்கொண்டு வேனை எடுத்தாள்.

வேலை விட்ட நெரிசலில் கண்டிவரைக்கும் வேன் ஊர்ந்தது. எனக்கும் கேஸ் இருக்கு என்று சொல்ல நினைத்தாள். சாட்சி சொல்ல எங்க கூப்பிட்டாலும் வர்றேன், அந்த வெள்ளக்காரன விட்டுறாதீங்க என்று சொல்ல நினைத்தாள். எல்லாம் வாய்வரை வந்து, கண்ணாடியில் அந்த முழங்கால்களைக் கண்டதும் நின்றுபோனது. அவர் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னது சரிதான், நூறு தரம் சரிதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்து நோகும் அளவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கினார். கதவைச் சாத்தினார். சுற்றிக்கொண்டு அவளுடைய ஜன்னலடிக்கு வந்து, மடித்துக் கட்டியிருந்த சாரத்து மடியிலிருந்து நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"ஐயோ, என்னாங்க இது? வேணாம்."

"பஸ்சுல வந்தாலும் குடுக்கத்தானே வேணும்."

குரலில் கோபம் இல்லை. நீட்டிய கையை அவர் மடக்கவும் இல்லை. பின்னால் அம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டு ஹோர்ன் அடித்தது. வாசல் காவலாளி வேனை எடுக்கச் சொல்லிக் கத்தினான். நிரோஷா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தாள். மண் படிந்த விரல்களில் அந்தத் தாள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது, அவளுடைய முகத்துக்கு ஒரு சாண் தள்ளி.