கால் வரைக்கும் தெரியணும்

லேமினேஷன்காரர் மூன்றாவது முறையாக எட்டிப் பார்த்தபோதும் அவள் போனில் அப்பாவைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்பா போட்டோ ஒண்ணு கிடைச்சாப் போதும் பாப்பா. வண்டி வர்றதுக்குள்ள பெருசு பண்ணிக் கொண்டாந்துடுவேன்.”

“தேடறேன் மாமா.”

“ஊர்ல ஒரு மூஞ்சி விடாம எடுத்த மனுஷன், தன் மூஞ்சிய மட்டும் எடுத்துக்கல பாரு. அவர் ஸ்டுடியோவும் என் கடையும் பக்கத்துப் பக்கத்துல, இருபது வருஷம். ஒரே ஒரு தடவை நான் எடுத்தேன். கால வெட்டிட்டியேய்யான்னு திட்டிட்டு அழிச்சுட்டாரு.”

சிரிக்க வந்தவர் கூடத்து ஐஸ் பெட்டியைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

காலையில்தான் அவள் வந்து இறங்கியிருந்தாள். அவள் சூட்கேஸின் கைப்பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு அப்படியே இருந்தது. கூடத்தில் அப்பா படுத்திருந்த பெட்டியின் தலைமாட்டில் அம்மா. அம்மாவின் மூடிய கையில் ஒரு மாத்திரை அட்டை. யார் வந்து தோளைத் தொட்டாலும் அம்மா அதையே சொன்னாள்.

“நேத்துக் காலைல ஏதோ ஒரு சண்டை. நீங்களே எடுத்துப் போட்டுக்கங்கன்னுட்டேன். போடாமயே போயிட்டாரு. பிரஷர் மாத்திரை. என் கையால எடுத்துக் குடுத்திருந்தா தலை சுத்தியிருக்காது.”

வந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

தலை சுற்றியது என்பது சித்தப்பா சொன்னது. பஸ் நிலையத்திலிருந்து அவளைக் காரில் கூட்டி வரும்போதும் சொன்னார். அப்பாவின் ஒரே தம்பி, கட்டட கான்ட்ராக்டர். முதன்முதலாகச் சொந்தமாக எழுப்பிய நாலு மாடிக் கட்டடத்தைப் படம் எடுக்கத்தான் அப்பா போனார்.

“நான் கீழ லாரிக்காரன்கிட்ட பேசிட்டிருந்தேன் பாப்பா. மேல அண்ணன் தனியா. தனியாத்தான் இருந்தாரு.”

“கேமரா?”

“அது தூள் தூளாப் போச்சு.”

வழியில் அந்தக் கட்டடம் வந்தது. சித்தப்பா வேகத்தைக் குறைத்தார். “மேல பாரு. இடுப்பு உசரத்துக்குச் சுவர் இருக்கு. இதைத் தாண்டி விழணும்னா தலை சுத்தாம முடியுமா, சொல்லு.” அவள் பார்த்தாள். மொட்டைமாடியைச் சுற்றிச் சுவர் இருந்தது. கட்டடமெல்லாம் வெள்ளை, அது மட்டும் ஈரச் சாம்பல் நிறம். அப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது கூடத்தில், அவள் கையில் போன் நடுங்கியது.

ஒரு படம் வந்திருந்தது. வெறும் வானம். குறுக்கே சாரத்துக் கம்பு ஒன்று. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அப்பா கேமரா’ என்று இருந்தது.

அந்தப் பெயரை வைத்தவள் அவளே. போன லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு மெமரி கார்டு வாங்கி வந்திருந்தாள். பார்க்கச் சாதாரண கார்டு. கேமராவை ஆன் செய்தால் போதும், கார்டே சின்னதாக ஒரு வைஃபையைக் கிளப்பும். அவள் போன் பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்ளும். வயர் வேண்டாம், பட்டன் வேண்டாம், கடைசியாக எடுத்த படத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக வந்து விழும். அப்பாவுக்கு அது பெரிய வேடிக்கை. “நீ வாசல்ல செருப்பு கழட்டறதுக்குள்ள எல்லாம் உன் போனுக்கு ஓடிடுதே,” என்பார். வருகிற ஆட்களிடமெல்லாம் காட்டுவார். சித்தப்பாவிடம் காட்டியிருக்கவில்லை போல.

ஆனால் அந்த வைஃபை இரண்டு அறை தாண்டாது.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்தில் ஏழெட்டுப் பேர். யார் கையிலும் ஒன்றுமில்லை. உள் அறைக் கதவு சாத்தியிருந்தது.

போன் மறுபடி நடுங்கியது. மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் சித்தப்பா, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையிலிருந்து செருப்பு வரை முழுதாக நின்றிருந்தார். தொட்டியில் அவர் கம்பெனியின் பெயர்ப் பலகை.

அடுத்த படத்தில் அவர் முழங்கால் வரைதான் இருந்தார். கொஞ்சம் பெரியவராக.

அடுத்ததில் இடுப்பு வரை. உள்ளங்கையை முன்னால் நீட்டியிருந்தார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அது அவளுக்குத் தெரிந்த சத்தம். படத்தை அழித்தால் அப்பாவின் கேமரா அப்படித்தான் கத்தும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பீப். கார்டு முந்திக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்று அழிவதற்குள் அவள் கையில் மூன்று வந்து விழுந்தன.

அடுத்த படத்தில் சித்தப்பா மார்பு வரை. அடுத்ததில் முகம் மட்டும். பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, நீட்டிய கையோடு அவர் அப்பாவை நோக்கி வந்துகொண்டே இருந்தார். அவள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

பிறகுதான் படங்களின் ஓரத்தில் இருந்த நேரத்தைப் பார்த்தாள். முகம் பத்து நாற்பத்தொன்று. இடுப்பு பத்து நாற்பத்திரண்டு. செருப்பு வரைக்கும் தெரிந்தது பத்து நாற்பத்து மூன்று. வானம், அதற்கு அடுத்த நொடி.

சித்தப்பா நகரவே இல்லை. அப்பாதான் பின்னால் போயிருக்கிறார்.

அப்பா ஜூம் போடமாட்டார். “அது சோம்பேறிக்கு. நாம நடக்கணும்,” என்பார். யாரை எடுத்தாலும் கால் வரைக்கும் தெரியணும். கண்ணைக் கேமராவில் ஒட்டிக்கொண்டு, காலால் தரையைத் தடவித் தடவிப் பின்னால் போவார். ஸ்டுடியோவில் எத்தனை தடவை சுவரில் இடித்துக்கொண்டார் என்று கணக்கில்லை. நீட்டிய உள்ளங்கையை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். அது பிடிக்க வந்த கை இல்லை. இன்னும் போ, இன்னும் போ என்று காற்றைத் தள்ளுகிற கை. பலகையும் படத்தில் வரணுமே.

கடைசியாக ஒரு படம் வந்தது. பத்தரைக்கு எடுத்தது. மொட்டைமாடியின் விளிம்பு. காலையில் காரிலிருந்து பார்த்த அந்த ஈரச் சுவர் இல்லை. வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் மட்டும், நுனியில் துரு.

அத்தோடு போன் அமைதியானது.

கதவு திறந்தது. சித்தப்பா முகம் கழுவியிருந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. கை வெறுங்கை. நேராக அவளிடம்தான் வந்தார்.

“போட்டோ கிடைச்சுதா பாப்பா?”

“கிடைச்சுது சித்தப்பா.”

“எங்க, காட்டு.”

“அப்பா அதுல இல்ல.”

அவர் அவள் போனைப் பார்த்தார். பிறகு, தான் வந்த கதவைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தார், அதற்குள் வாசலில் ஹாரன்.

“வண்டி வந்துடுச்சு,” என்றார் லேமினேஷன்காரர். “நாலு பேர் கை வெக்கணும். தம்பிதான முதல்ல, வாங்க சார். கால் பக்கம் பிடிங்க.”

அம்மா எழ முயன்று மறுபடி உட்கார்ந்தாள். சித்தப்பா குனிந்து, “அண்ணி, போதும், அதையே நினைச்சுட்டு இருக்காதீங்க. நடந்தது நடந்துபோச்சு,” என்றார்.

“நான்தான தம்பி,” என்றாள் அம்மா. “நான் குடுத்திருக்கணும்.”

அம்மாவின் கையில் இருந்த அட்டை, குனிந்திருந்த சித்தப்பாவின் கண்ணுக்கு நேராக இருந்தது. பிறகு நிமிர்ந்து கால் பக்கம் போனார்.

அவள் அம்மாவின் அருகில் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரை உடைந்து மாவாகியிருந்தது.

“மாத்திரையால இல்லம்மா.”

“என்னடி சொல்ற?”

“போயிட்டு வந்து சொல்றேன். மாத்திரையால இல்ல.”



பெட்டி வாசலுக்கு வந்தது. குறுகலான வாசல். பக்கத்தில் நின்று தூக்க இடமில்லை. கால் பக்கம் பிடித்தவர் தெருவுக்கு முதுகைக் காட்டிப் பின்னாலேயே நடந்துதான் இறங்க வேண்டும். வெளியே மூன்று படிகள். சித்தப்பா வாசற்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

“என்ன சார் நின்னுட்டீங்க, கனக்குது,” என்றார் தலைப் பக்கம் பிடித்திருந்த வண்டி டிரைவர்.

“பின்னாடி... படி தெரியல.”

அவள் டிரைவரைத் தாண்டிக் கதவோரம் போய் நின்றாள். கையில் போன் இன்னும் சூடாக இருந்தது.

“நான் பாத்துச் சொல்றேன் சித்தப்பா,” என்றாள். குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “இன்னும் கொஞ்சம் பின்னாடி.”

சித்தப்பா நிமிர்ந்தார். அவள் வலது உள்ளங்கையை முன்னால் நீட்டி, மெல்லக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவர் கண் அந்தக் கையை விட்டு நகரவில்லை. செருப்பில்லாத வலது கால் மட்டும் பின்னால் போய், படி இருக்க வேண்டிய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.